மொசைக்கா, கிரானைட்டா

1

வைகாசி பிறந்தால் எங்கள் கல்யாண நாள் வந்துவிடும். ஈரோட்டு வெயிலில், காற்றாடி போதாத மண்டபத்தில், பட்டும் மாலையுமாக நான் வேர்த்து வழிந்ததை என் அக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அதற்கு இது இருபத்தைந்தாவது வருஷம். ஊரில் இருந்திருந்தால் கோயிலுக்குப் போய்விட்டு, ஒறம்பரை, சொந்தபந்தங்களைக் கூப்பிட்டு வடை பாயசத்தோடு சோறு போட்டு அன்றோடு முடித்திருப்போம். இங்கே சான் டியாகோவில் எங்கள் மகள் கவிதா எங்களைக் கேட்காமலே ஒரு வேலை செய்துவிட்டாள். வாடகைக்கு ஓர் ஆர்.வி. வண்டி பிடித்துக் கொடுத்துவிட்டாள்.

"கடல்கிட்ட ஒரு நாள், டெசர்ட்ல ஒரு நாள். நீங்க ரெண்டு பேர் மட்டும். எனக்கு போன் பண்ணாதீங்க," என்றாள் போனில், இங்கிலீஷில்.

ஆர்.வி. என்றால் என்ன என்று ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். முன்னால் பார்த்தால் வேன், பின்னால் பார்த்தால் வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை, கக்கூஸ் எல்லாம் உண்டு. தண்ணீருக்குத் தொட்டிகூட உண்டு. காசு உள்ள வெள்ளைக்காரர்கள் சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு இதில் போய்த் தூங்குவார்கள். என் கொழுந்தனார் ராசு, அதாவது என் கணவருடைய தம்பி, கோயமுத்தூரிலிருந்து போனில் பேசும்போது இதைக் கேட்டு நம்பவே இல்லை.

"ஏனுங்கண்ணி, அத்தாம் பெரிய ஊட்ட வாங்கிவெச்சுப்போட்டு வண்டிக்குள்ள போய்ப் படுக்கோணுமாக்கும்?" என்றார். பிறகு, "அது கெடக்கட்டுமுங்க. மேல்மாடித் தரைக்கு மொசைக்கா, கிரானைட்டா? வார ஞாயித்துக்கெழமை ராத்திரி நான் ஊட்டுலதான் இருப்பேன். போன் பண்ணிச் சொல்லிப்போடுங்க. மேஸ்திரி வந்து வந்து நிக்கறானுங்க."

பீளமேட்டில் அவருடைய வீட்டுக்கு மேலே எங்களுக்காக ஒரு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. தரையைச் சொல்லிவிட்டால் தேதியையும் சொன்னது மாதிரிதான். தை பிறந்ததும் இங்கே எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊரோடு போய்விடுவது என்று பேச்சு. என் கணவர் அதற்குத் தலையாட்டியிருந்தார். நானும் ஆட்டியிருந்தேன். எனக்குப் போக இஷ்டமே இல்லை. இதைப் படிக்கிற உங்களில் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் எப்படியாவது இதை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்ற ஒரே நினைப்போடுதான் அந்த வண்டியில் ஏறினேன்.

2

வண்டி கொடுக்கிற இடத்தில் எப்போதும் நடக்கும் கூத்து நடந்தது. என் கணவருக்கு இனிஷியலும் பெயரும்தான் உண்டு. இந்த நாட்டில் கடைசிப் பெயர் என்று ஒன்று இல்லாமல் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. வந்த புதிதில் எந்த ஆபீஸிலோ அவருடைய அப்பா பெயரைக் கடைசிப் பெயராக எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து எல்லா அட்டைகளிலும் அவர் மிஸ்டர் ரங்கசாமி. பாலக்காட்டைத் தாண்டிப் போகாத என் மாமனார் அமெரிக்காவில் லைசென்ஸ் வைத்திருக்கிறார், வரி கட்டுகிறார், இப்போது ஆர்.வி.யும் வாடகைக்கு எடுக்கிறார்.

"மிஸ்டர் ரங்கசாமி" என்று கூப்பிட்டால் என் கணவர் இன்றைக்கும் ஒரு நொடி தாமதித்துத்தான் திரும்புவார். யாரோ பெரியவரைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒதுங்கி வழி விடுவார்.

அங்கிருந்த பையன் தொட்டிகளைக் காட்டினான். குடிக்க, குளிக்க ஒன்று, சாக்கடைக்கு ஒன்று. நல்ல தண்ணீர்த் தொட்டியை நிரப்பித்தான் தருகிறோம், பாலைவனத்தில் அது தங்கம் மாதிரி, பார்த்துச் செலவழியுங்கள் என்றான். என் கணவர் சிரித்தார். கோயமுத்தூரில் மோட்டார் பம்பு செய்யும் பட்டறையில் தொழில் கற்று, இங்கேயும் பம்பு கம்பெனியில் வேலை பார்க்கிறவர். அவரிடம் போய்த் தண்ணீரைப் பற்றிப் பேசினால் சிரிக்காமல் என்ன செய்வார்.

3

முதல் நாள் சாயங்காலம் கடலோரத்தில் வண்டியை நிறுத்தினோம். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஜன்னலைத் திறந்தால் அலை தெரிகிறது. அடுப்பில் பருப்பு வேகிறது. அடுத்த வண்டிக்காரி தாளித்த வாசனைக்கு எட்டிப் பார்த்து என்ன குழம்பு என்று கேட்டுவிட்டுப் போனாள். சொல்வதற்கு இதுதான் நேரம் என்று நான் வாயெடுத்தபோது, அவர் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்தார். ஒரு வாய் குடித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்!

"சவக் சவக்குனு இருக்குது. ஒரே மருந்து நாத்தம். இதையெல்லாம் மனுசன் குடிப்பானா அம்மணி?"

கோயமுத்தூர்க்காரர்களுக்குத் தண்ணீர் விஷயத்தில் ஒரு திமிர் உண்டு. சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். எந்த ஊருக்குக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டார்கள், டம்ளரை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு வைப்பார்கள். எங்கள் நிச்சயதார்த்தத்துக்கு ஈரோட்டுக்கு வந்தபோதே மாப்பிள்ளை வீட்டார் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்தக் கோபம் என் அப்பாவுக்குக் கடைசிவரை தீரவில்லை.

என் கணவர் வெளியே போனார். வண்டிக்கு அடியில் குனிந்து தொட்டியின் திருகை அவிழ்த்தார். நல்ல தண்ணீர் முழுவதும் மண்ணில் ஓடியது.

"நாளைக்கு மலைக்கு அக்கட்டால போனா ஊத்துத் தண்ணியா இருக்கும். தித்திப்பா இருக்கும். அங்க புடிச்சுக்கலாம். செரிதானே?"

எனக்கு வயிறு எரிந்தது. முன்னே பின்னே தெரியாத பாலைவனத்துக்குப் போகிறோம், கையில் இருப்பதைக் கொட்டுகிறாரே என்று இருந்தது. ஆனால் வாய் என்ன சொல்லிற்று தெரியுமா?

"உங்க இஷ்டமுங்க."

எங்கள் பக்கத்தில் இது மரியாதை. முடியாது என்று யாரும் யார் முகத்துக்கு நேரேயும் சொல்ல மாட்டோம். பார்க்கலாமுங்க என்போம், ஆகட்டுமுங்க என்போம், ரொம்பவும் முடியாது என்றால் உங்க இஷ்டமுங்க என்போம். கேட்கிறவர்தான் புரிந்துகொள்ள வேண்டும். அன்றைக்கு அவருக்கும் புரியவில்லை. மேல்மாடிப் பேச்சை நானும் எடுக்கவில்லை. குடிக்கவென்று கடையில் வாங்கி வைத்திருந்த ஒரே தண்ணீர்க் கேனில் பாதியை ரசத்துக்கு ஊற்றிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

4

ஏன் போக மனசில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊருக்குப் போனபோதுதான் கொழுந்தனார் எங்களை மொட்டை மாடிக்கு அழைத்துப்போய், "இங்க உங்களுக்கு ரெண்டு ரூம்பு, இது பூசை ரூம்பு, இது அண்ணிக்குச் சமையக்கட்டு" என்று காலால் அளந்து காட்டினார். அவருடைய மனைவி சாந்தி பின்னாலேயே நின்று சிரித்தாள். அவ்வளவு அன்பை எப்படி வேண்டாம் என்பது? நாங்கள் இரண்டு பேரும் ஆகட்டும் ஆகட்டும் என்றோம். திரும்பி வரும்போது விமானத்தில் என் கணவர் என் கையை விடவே இல்லை. எதற்கு இந்தக் கரிசனம் என்று எனக்கு விளங்கவில்லை.

இங்கே நான் ஒரு துணிக்கடையில் துணி வெட்டிக் கொடுக்கிறேன். என்ன பெரிய உத்தியோகம் என்று கேட்காதீர்கள். ஈரோட்டில் என் அப்பாவுக்கு விசைத்தறி இருந்தது. வீட்டில் நாலு பக்கமும் துணிதான். ஆனால் கடைக்கும் தறிக்கும் பெண்பிள்ளைகள் வரக்கூடாது. துணியை விரலால் தேய்த்து எது நிற்கும், எது சாயம் போகும் என்று சொல்ல எனக்குச் சின்ன வயசிலேயே தெரியும். கேட்கத்தான் ஆள் இல்லை. இங்கே மெக்சிகோக்காரப் பெண்கள் பிள்ளைகளின் விசேஷத்துக்குத் துணி எடுக்க வந்தால், நான் இல்லையென்றால் நாளைக்கு வருகிறோம் என்று போய்விடுகிறார்கள். காலையில் நானே கார் எடுத்துக்கொண்டு போகிறேன். மத்தியானம் கடல் பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். எங்கே போனாய், ஏன் லேட்டு என்று கேட்க ஒருவரும் இல்லை. பீளமேட்டு மாடியில் நான் மூத்த மருமகள். மாடிப்படியில் நான் இறங்கினால் தெருவுக்கே தெரியும்.

மகளும் ஒரு காரணம்தான், ஆனால் முழுக் காரணம் அவள்தான் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். கவிதா காலேஜ் போனதிலிருந்து போன் மெஷினில்தான் அவளோடு குடும்பம் நடத்துகிறோம். வாரத்துக்கு ஒரு தடவை அதில் "ஐ ஆம் ஃபைன்" என்று பேசி வைத்திருப்பாள். தமிழில் கேட்டால் புரிகிறது, பதில் இங்கிலீஷில் வருகிறது. நாங்கள் இங்கே இருந்தாலும் அவள் தூரமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறாள். இருந்தாலும் காரில் போய்ச் சேரும் தூரம். விமானத்தில் போய்ச் சேரும் தூரமாக அதை நானே ஆக்கிக்கொள்ள வேண்டுமா?

5

மறுநாள் மலை ஏறி இறங்கினோம். வால்பாறை பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் குடல் வெளியே வரப் போனவளுக்கு அந்த மலை ஒன்றும் பெரிதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினதும் மரம் மட்டை எல்லாம் காணாமல் போய்விட்டது. கல்லும் முள்ளும்தான். வெயில் கண்ணாடிக்குள் வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது.

"அனலாக் கொதிக்குது," என்றார் அவர்.

"ஈரோட்டுக்காரிக்கு வெயிலக் காட்டாதீங்க. உங்க கோயமுத்தூருக் காத்துக்குப் பழகுனவங்கதான் வாடிப்போவீங்க," என்றேன். சிரித்தோம். அதுதான் அன்றைக்குக் கடைசிச் சிரிப்பு என்று கொஞ்ச நேரத்தில் நினைக்க வேண்டி வந்தது.

இவர் கொண்டுபோய் நிறுத்திய இடத்தின் வாசலில் சங்கிலி போட்டிருந்தது. வெயில் காலம் வந்தால் பாலைவனத்தில் அந்த மாதிரி இடங்களை மூடிவிடுவார்களாம். கவிதா வேறொரு இடத்துக்குப் பணம் கட்டியிருந்தாள், இவர் குறுக்கு வழி என்று இங்கே திருப்பியிருந்தார். உள்ளே நடந்துபோய்க் குழாயைத் திருகினார். உஸ்ஸென்று காற்று வந்தது. இன்னொன்றைத் திருகினார். அதிலும் காற்றுதான்.

கவிதா சொன்ன இடத்துக்கே போகலாம் என்று வண்டியைத் திருப்பி மேட்டில் ஏற்றினோம். குளிர்சாதனத்தை வேறு முழுசாக வைத்திருந்தோம். பாதி மேட்டில் சூட்டு முள் சரசரவென்று ஏறியது. முன்னாலிருந்து ஆவி கிளம்பி ரோடே தெரியவில்லை. ஓரங்கட்டி நிறுத்தினார். ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை, தொட்டியில் தண்ணீர் இல்லை, ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. எங்களிடம் இருந்தது குடிக்கிற கேனில் பாதியும் ஒரு டப்பாத் தயிரும்.

வண்டி நிழலில் நின்று சூடு ஆறும்வரை காத்திருந்தோம். அவர் கேனைக் கையில் எடுத்தார்.

"அம்மணி, இதை ரேடியேட்டருக்கு ஊத்தட்டுமா, குடிக்கறதுக்கு வெச்சுக்கலாமா? ஊத்துனா கொஞ்ச தூரம் ஓடும். வழியில மறுக்கா நின்னுதுன்னா குடிக்கச் சொட்டு இருக்காது."

"உங்க இஷ்டமுங்க."

அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிக் கத்தியதில்லை.

"உங்க இஷ்டம், உங்க இஷ்டம்! நேத்துத் தண்ணிய உடறப்பவும் இதையேதான் சொன்னே. ஒருக்காவாச்சும் உன்ற இஷ்டம் என்னன்னு சொல்லித் தொலையேன்!"

"சொல்லட்டுங்களா? கேட்டுப்போட்டு மொகத்தத் தொங்கப் போடக்கூடாது. எனக்கு அந்தத் தண்ணி புடிச்சுத்தானுங்க இருந்துச்சு. அதுல என்ன கொறை? நீங்க தொறந்து உட்டப்பவே எனக்கு வவுறு எரிஞ்சுது. எனக்கு இந்த ஊரும் புடிச்சுத்தான் இருக்குது. என்ற வேலை புடிச்சிருக்குது. மொசைக்கும் வேண்டாம், கிரானைட்டும் வேண்டாம். நான் வரலீங்க. உங்களுக்குப் போகோணும்னா போங்க. வருசத்துக்கு ஒருக்கா வந்து பாத்துப்போட்டு வாரேன்!"

அவர் கேனைக் கீழே வைத்தார். வண்டிப் படியில் உட்கார்ந்தார். போச்சு, குடும்பத்தை இந்தப் பொட்டல்காட்டில் உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அப்பறம் ஏர்ப்போர்ட்டுல எதுக்கு அப்பிடி அழுதே?" என்றார்.

"எப்பங்க?"

"அதான், போன தடவை. பீளமேட்டு ஏர்ப்போர்ட்டுல. துண்டை வாயில வெச்சுட்டுத் தேம்பித் தேம்பி அழுதியே."

எனக்கு ஒரு நிமிஷம் ஞாபகம் வரவில்லை. வந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். "ஐயோ சாமி, அது பல்லுங்க! சாந்தி குடுத்த முறுக்கைக் கடிச்சுக் கடவாய்ப்பல்லு ரெண்டாப் போச்சு. சொன்னா அவ சங்கடப்படுவாளேன்னு அப்பிடியே முழுங்கிட்டு வந்தேன். வலி உயிர் போச்சு. இங்க வந்து அந்த வாரமே புடுங்கலீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அடக் கெரகமே! நான் என்ன நெனச்சேன்? அம்மணிக்கு ஊரை உட்டு வர மனசில்ல, இத்தன வருசம் எனக்காகப் பல்லைக் கடிச்சுட்டு இருந்திருக்கறான்னு நெனச்சேன். அதுக்காகத்தான் ராசுகிட்ட செரி செரின்னேன். அங்க போயி நான் என்ன பண்றது? வேலையுமில்ல வெட்டியுமில்ல, அவன் பசங்க கேக்கற கேள்விக்குப் பதில் சொல்லிட்டு மாடியில குந்தியிருக்கோணும். அதை நெனச்சா எனக்குத் தூக்கமே வாரதில்ல. உனக்காகப் போயித்தானே ஆகோணும்னு மனசைத் தேத்தி வெச்சிருந்தேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்லோ?"

"கேட்டா நீ என்ன சொல்லியிருப்பே?"

சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேரும் அந்த வெயிலில், தண்ணீர் இல்லாமல், அப்பாடா என்று உட்கார்ந்திருந்தோம். நெஞ்சில் மூன்று வருஷமாக இருந்த பாறை எங்கே போனது என்றே தெரியவில்லை. தயிரை இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் குடித்தோம்.

6

சாயங்காலம் ஒரு பழைய லாரி வந்தது. பின்னால் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர். பக்கத்தில் எங்கோ பேரீச்சந்தோப்பில் வேலை செய்கிற மெக்சிகோப் பெரியவர். என் கணவர் கையை ஆட்டி ஆட்டி இங்கிலீஷில் விளக்கினார். பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை, சிரித்துக்கொண்டே நின்றார். நான் முன்னால் போய் எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் தண்ணீர் வேண்டும், வண்டி சூடு, ரொம்ப உபகாரம் என்று சொன்னேன். அவர் ஓடிப்போய்க் குழாயை இழுத்து வந்தார். ரேடியேட்டரை நிரப்பினார். தொட்டியையும் நிரப்பினார். காசு கொடுத்ததற்கு நெஞ்சில் கை வைத்து வேண்டாம் என்றார். அவரும் எங்கள் பக்கத்து ஆள் மாதிரிதான் இருந்தார்.

"இதெல்லாம் எப்பப் படிச்சே?" என்று என் கணவர் திறந்த வாய் மூடாமல் கேட்டார்.

"கடையிலதானுங்க. துணி வாங்க வாரவங்ககிட்ட."

"எங்கிட்ட நீ சொல்லவே இல்லயே."

"நீங்க கேக்கவே இல்லயே."

அந்தத் தண்ணீர் கடல்தண்ணீரை விடக் கொஞ்சம்தான் தேவலை. அவர் சத்தமில்லாமல் இரண்டு டம்ளர் குடித்தார்.

7

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பெட்ரோல் பங்கின் ஓரத்தில் காசுப் போன் கிடைத்தது. எங்களுக்குக் காலை என்றால் கோயமுத்தூரில் ராத்திரிச் சாப்பாட்டு நேரம். அவர் போன் கார்டு எண்ணைத் தப்புத் தப்பாக அழுத்தி, மறுபடி அழுத்தி, தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கூடப்பிறந்தவனிடம் முடியாது என்று சொல்லப்போகிறார், பாவம். ரிசீவரில் நானும் காதை ஒட்டவைத்துக்கொண்டேன்.

"ராசு, நான்தான். அந்த மாடி வெசயமா... ஒண்ணும் நெனச்சுக்காதே தம்பி. எங்களால வர முடியாதாட்ட இருக்குது. கவிதா இங்க இருக்கறா. அண்ணிக்கும் இங்க பழகிப்போச்சு."

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தோம்.

"வரவே மாட்டீங்களாங்கண்ணா?" என்றார் கொழுந்தனார்.

"மாட்டோம் தம்பி. உனக்கு வருத்தமா இருக்கும்..."

"ஐய, வருத்தம் என்னங்கண்ணா வருத்தம். உங்க சௌகரியந்தானுங்க முக்கியம். இல்ல, மாடியக் கேட்டு ஒரு கம்ப்யூட்டர் கிளாஸ்காரரு பொங்கல்லயிருந்து வந்துட்டே இருக்கறாருங்க. நல்ல மனுசன். அண்ணனுக்குன்னு கட்டறது, எப்பிடிங்க குடுக்கறதுன்னு நான்தான் தள்ளித் தள்ளி உட்டுட்டிருந்தேன். உங்ககிட்டக் கேக்கறதுக்கும் வாய் வரல. அப்ப நான் நாளைக்கே பேசி முடிச்சர்றேனுங்க."

அவருக்குப் பின்னால் சாந்தியின் குரல் கேட்டது. "வல்லீங்களாமா?" என்றாள். கொழுந்தனார் ஏதோ சொன்னார். "அப்பாடா," என்றாள் அவள். ஏழு கடல் தாண்டி அவ்வளவு தெளிவாக வேறெதுவும் என் காதில் விழுந்ததில்லை.

என் கணவர் கோயமுத்தூர் மழையை விசாரித்தார், பிள்ளைகளின் பரீட்சையை விசாரித்தார், போனை வைத்தார். வைத்த கையை எடுக்காமல் நின்றார். நாங்கள் கேட்டது கிடைத்துவிட்டது. ஒருவர் மனமும் கோணவில்லை. அவருடைய முகத்தை மட்டும் பார்க்க முடியவில்லை.

"என்ன அம்மணி, நாம போகலீனா அவிங்களுக்கு ஒரு கொறையும் இல்ல போலிருக்குது," என்றார்.

ஆறுதலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். பழைய ஆளாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"இல்லீங்க," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பெரிய லாரிகள் இரண்டு போயின.

"நமக்கும் ஒரு கொறையும் இல்லயல்லோ?" என்றார்.

"எனக்கு இல்லீங்க," என்றேன். "உங்களுக்கு?"

"யோசிச்சுச் சொல்றேன்," என்றவர், கர்ச்சீப்பை எடுத்து அந்த ரோட்டோரத்தில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் வண்டியில் சாய்ந்துகொண்டு, அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.